சத்துமாவில் எதைச் சேர்த்தால் அது 'செயல்பாட்டு உணவு' ஆகும்? பெங்களூரில் சிறுதொழில் செய்பவரின் கேள்வி

ஹலசூர்_அடுப்படி | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஹலசூரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து சத்துமாவு தயாரித்து விற்கிறோம். ராகிதான் அடிப்படை. அதோடு கம்பு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, கொஞ்சம் பாதாம், ஏலக்காய். அக்கம்பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடிக்கையாக வாங்குகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் வயதானவர்கள் உள்ள வீடுகளும்தான் அதிகம்.

இப்போது ஒரு கடைக்காரர் எங்கள் மாவைத் தன் கடையில் வைக்க முன்வந்திருக்கிறார். வெறும் சத்துமாவு என்றால் விலை ஏறாதாம்; பசியாற்றுவதோடு உடலுக்குத் தனி நன்மையும் தரும் 'செயல்பாட்டு உணவு' ஆக்க வேண்டுமாம். முருங்கைப்பொடி, மஞ்சள், அசுவகந்தா, கொலாஜன் (விலங்குகளின் தோல், எலும்பில் உள்ள புரதம்) என்று நாலைந்தைச் சேர்த்து, 'நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும், மூட்டுவலியைப் போக்கும்' என்று உறையில் அச்சடித்துக் கொடுத்தால் இரண்டு மடங்கு விலைக்கு விற்றுத் தருகிறேன் என்கிறார்.

புதிதாகச் சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் சேர்த்தால் உண்மையான பலன் இருக்க வேண்டும். எங்களிடம் வாங்குகிறவர்கள் எங்களை நம்பி வாங்குகிறவர்கள். எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, எந்த உரிமம் வேண்டும்? மீன் எண்ணெய், முட்டை ஓடு போன்ற விலங்குப் பொருள்களையும் சிலர் சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

ஜிகணி_வடிசாறு | திங்கள், இரவு 10.05

சகோதரி, மூலிகைச் சாறு எடுக்கும் ஆலையில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் நான். நீங்கள் கேட்டவற்றில் 'எவ்வளவு' என்பதுதான் உயிரான கேள்வி. அதற்கு விடை தெரியாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். நல்ல மஞ்சள்தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதம்கூட வரும். நம் கைக்கு எளிதில் கிடைக்கும் ஈரோட்டு மஞ்சளில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஒரு வேளைக் கஞ்சிக்கு 30 கிராம் மாவு என்று வையுங்கள். அதில் ஒரு கிராம் மஞ்சள் சேர்த்தாலே வாசனை தூக்கும், பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். அந்த ஒரு கிராமில் இருப்பது 30 மில்லிகிராம் குர்குமின்.

நம் ஊர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் தன்னார்வலர்களுக்குக் கொடுத்த குர்குமினின் அளவு 2 கிராம். மஞ்சள்தூள் கணக்கில் சொன்னால் ஒரே வேளைக்கு 65 கிராமுக்கு மேல். அவ்வளவு கொடுத்தும் இரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவுக்கோ மிக மிகக் குறைவாகவோதான் தெரிந்தது. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, கொடுத்தபோது உடலுக்குக் கிடைத்த அளவு 2,000 சதவீதம் கூடியது. விளம்பரங்களில் இந்தக் கடைசி எண் மட்டும்தான் வரும். தொடக்கத்தில் கிடைத்ததே துளி என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் மூலிகைச் சாறு நிறுவனம் நடத்தியவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மஞ்சளை ருசிக்கும் நிறத்துக்கும் சேர்ப்பதானால் தாராளமாகச் சேருங்கள். அதைச் சொல்லி 'நோய் எதிர்ப்பு' என்று அச்சடிக்க அந்த 30 மில்லிகிராம் போதாது.

சித்தவழி_நடப்பவன் | செவ்வாய், காலை 6.40

ஐயா ஜிகணி அவர்களுக்கு வணக்கம். மில்லிகிராம் கணக்கு பேசும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். மிளகின் துணையோடுதான் மற்றவை உடலில் சேரும் என்று ஆய்வகம் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம்மிடம் திரிகடுகம் இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி. இவற்றில் மிளகிலும் திப்பிலியிலும் இருப்பது இதே பைப்பரின்தான். ஜம்மு ஆய்வகத்தினர் 1970களின் இறுதியில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியதே திரிகடுகம் ஏன் இத்தனை மருந்துகளில் வருகிறது என்ற கேள்வியிலிருந்துதான்.

மரபில் ஒரு பொருளைத் தனியாகப் பிரித்து எடை போடுவதில்லை. எதனோடு சேர்ப்பது, எந்தப் பருவத்தில், யாருக்கு, எத்தனை நாள் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். சகோதரி சேர்க்க நினைப்பதைச் சேர்க்கட்டும். சரியான சேர்மானத்தோடு சேர்க்கட்டும்.

மல்லேஸ்வரம்_உணவியல் | செவ்வாய், காலை 8.15

சித்தவழி ஐயா சொன்ன 'யாருக்கு, எத்தனை நாள்' என்பதை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் கடையில் விற்கும் பொட்டலத்தில் அந்த இரண்டுமே காணாமல் போகின்றன. அதுதான் என் கவலை. வைத்தியர் நாடி பார்த்துக் கொடுப்பதும், யாரென்றே தெரியாத ஆயிரம் பேர் தினமும் காலையில் குடிப்பதும் ஒன்றாகாது.

பைப்பரின் குர்குமினை மட்டும் உள்ளே அனுப்புவதில்லை. மருந்துகளையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்த ஜம்மு ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 2009இல் காசநோய்க்கு ஒரு கூட்டு மருந்து வந்தது. அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200க்குக் குறைத்துப் பைப்பரின் சேர்த்தார்கள். மருந்தின் அளவையே பாதிக்கும் கீழ் குறைக்க முடிகிறது என்றால் அதன் வலிமையை நினைத்துப் பாருங்கள். வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறவர் செறிவான பைப்பரின் கலந்த மாவைத் தினமும் குடித்தால், இரத்தத்தில் மருந்து ஏறிவிடக்கூடும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் பேசவில்லை. பிரித்தெடுத்த சத்தைப் பற்றிப் பேசுகிறேன். இத்தாலியில் 2019இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகப் பதிவாகி, அரசே விசாரித்தது.

அடுத்து முருங்கை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் கீரையில் இரும்பு சுமார் 4.5 மில்லிகிராம். கீரையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக, 2 கிராம் பொடியில் இருப்பது அரை மில்லிகிராமுக்கும் கீழே. பெண்களுக்குப் பரிந்துரைத்திருப்பது நாளைக்கு 29 மில்லிகிராம். அந்த அரையிலும் உடல் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். தாவர இரும்பின் இயல்பு அது. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் பருப்போடு கூட்டாக்கி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவது இதைவிடப் பல மடங்கு மேல். இன்னொன்று, முருங்கையில் வைட்டமின் கே நிறைய உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவர்கள் திடீரென்று அதைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும்.

அசுவகந்தாவைப் பிள்ளைகள் குடிக்கும் மாவில் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். கர்ப்பிணிகளும் தைராய்டு மருந்து எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய பொருள் அது. அதோடு, வேருக்குப் பதில் மலிவான இலையைக் கலப்பதும் நடக்கிறது. இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021இல் ஆயுஷ் அமைச்சகமே அறிவுறுத்த வேண்டியிருந்தது.

உணவுச்சட்டம்_படிப்பவர் | செவ்வாய், மாலை 7.30

உரிமம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவுதான் வேர். அதன் கீழ் 2016 டிசம்பரில் அறிவித்து 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைகளில்தான் சத்து மாத்திரை போன்ற துணை உணவுகள், நியூட்ராசூட்டிக்கல் (உடல்நலனுக்கென்று உணவிலிருந்து பிரித்தெடுத்த சத்து), செயல்பாட்டு உணவு எல்லாம் முதலில் வந்தன. அதில் பலர் படிக்காமல் தாண்டிப் போகும் ஒரு விதி இருக்கிறது. காய்கறி, தானியம், பயறு, மசாலா, பழம் ஆகியவற்றை வெறுமனே சுத்தம் செய்து, காயவைத்து, பொடித்து விற்றால் அது நியூட்ராசூட்டிக்கலும் ஆகாது, செயல்பாட்டு உணவும் ஆகாது. அது உணவு, அவ்வளவுதான். முருங்கைப்பொடி கலந்த ராகி மாவு சட்டத்தின் கண்ணில் மாவுதான்.

உண்மையில் இது உங்களுக்கு நல்லது. நியூட்ராசூட்டிக்கல் என்று போனால் மத்திய உரிமம், அட்டவணையில் உள்ள மூலிகை மட்டும், அதிலும் எந்தப் பாகம், நாளைக்கு எவ்வளவு என்ற வரம்பு, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற எச்சரிக்கை வாசகம் என்று ஒவ்வொன்றாக வரும்.

கடைக்காரர் கேட்கும் 'மூட்டுவலியைப் போக்கும்' என்ற வாசகத்துக்கு எந்த வகையிலும் இடமில்லை. நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று எந்த உணவின் மேலும் எழுதக் கூடாது. கடைக்காரர் சொல்லித்தான் எழுதினோம் என்று பிறகு சொன்னால் எடுபடாது. உறையில் தயாரிப்பாளர் பெயராக இருப்பது உங்கள் பெயர்.

ஹலசூர்_அடுப்படி | செவ்வாய், இரவு 9.50

எல்லாவற்றையும் கூடாது என்கிறீர்கள். காரணம் புரிகிறது, நன்றி. எங்களால் உண்மையாகச் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பீன்யா_உலர்த்தி | புதன், காலை 7.05

இருக்கிறது அக்கா. அது ஏற்கெனவே உங்கள் மாவில் பாதிக்கு மேல் இருக்கிறது.

உணவுப் பதனத் தொழிற்சாலைகளுக்கு உலர்த்தும் கருவிகள் அமைத்துக் கொடுப்பது என் வேலை. வடிசாறு, மாத்திரை என்று எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ராகிக்கு இணையாக இயற்கையே செய்து வைத்த செயல்பாட்டு உணவு நம் பக்கத்தில் குறைவு. மேலே சொன்ன அதே அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் கால்சியம் சுமார் 364 மில்லிகிராம். அரிசியில் பத்துக்கும் கீழே. இந்த வேறுபாட்டைத் தர எந்த எக்ஸ்ட்ராக்டும் தேவையில்லை.

இடையூறு ஒன்று உண்டு. ராகியில் இயல்பாக உள்ள ஃபைட்டேட், டானின் என்ற பொருள்கள் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதைத் தளர்த்தும் வழி முளைகட்டுதல். நீங்கள் ராகியை வறுத்து அரைக்கிறீர்களா, முளைகட்டி அரைக்கிறீர்களா என்று சொல்லவில்லை. வறுத்து அரைப்பதானால் முதலில் மாற்ற வேண்டியது இதுதான். முளைக்கும்போது தானியத்துக்குள் ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்து ஃபைட்டேட்டை உடைக்கிறது. கூடவே அமைலேஸ் என்ற நொதி உருவாகி மாவுச்சத்தை வெட்டுகிறது. சிறுதானியங்களில் முளைகட்டிய ராகிக்கு அமைலேஸ் வீரியம் அதிகம், மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) பல பத்தாண்டுகளாக ராகி மால்ட்டில் உழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். சாதா ராகி மாவில் ஒரு குவளைக் கஞ்சி காய்ச்சுங்கள். அதே அளவு முளைகட்டிய மாவில் இன்னொரு குவளை. முதல் பாத்திரத்தில் கரண்டி நிற்கும், கிளறக் கிளறக் கை வலிக்கும். இரண்டாவது, சூடேறும்போது கெட்டிப்படப் பார்த்துவிட்டு உங்கள் கண் முன்னாலேயே இளகி, கரண்டியிலிருந்து நூலாக வழியும். லேசான இனிப்பும் தட்டும். இப்படி இளகுவதால் அதே குவளையில் இன்னும் இரண்டு கரண்டி மாவு சேர்க்கலாம். பசி குறைந்த முதியவருக்கும் சின்ன வயிறு உள்ள பிள்ளைக்கும் ஒரே குவளையில் அதிகச் சத்து இறங்கும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஊறவைக்கும் தண்ணீரை இடையில் மாற்றுங்கள். வடித்து, ஈரத்துணியில் ஒன்றரை நாள், குளிர்காலமானால் இரண்டு நாள். வெள்ளை வேர்முளை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். நீள விட்டால் கசப்பு ஏறும், பூஞ்சையும் பிடிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை நம் ஊர் ஈரத்தில் இதுதான் பெரிய ஆபத்து. துணியைத் திறந்ததும் மண் வாசனைக்குப் பதில் புளித்த, மக்கிய வாசனை வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை உலர்த்தும் எண்ணமே வேண்டாம். பூஞ்சையை வறுக்கலாம், அது விட்டுப்போன நச்சு வறுபடாது. மாடியில் காயப் போடுவதை விட்டுவிட்டு, 50 டிகிரி அளவில் ஓடும் சிறு தட்டு உலர்த்தி ஒன்று வாங்குங்கள். காய்ந்ததும் கையால் தேய்த்து வேர்முளைகளை உதிர்த்துப் புடைத்து, கடைசியில் 70 டிகிரியில் சற்று நேரம் சூடாக்கினால் மால்ட் மணம் வரும். அதற்கு மேல் கருக வறுத்தால் அமைலேஸ் செத்துவிடும், உழைப்பு வீண்.

அடுத்து, கம்பை எடுத்துவிடுங்கள். சத்தில் குறையில்லை, அதன் கொழுப்பும் அதைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதியும் அரைத்த கணமே சந்தித்துக்கொள்கின்றன. சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும், நாக்கின் அடியில் கசப்பு நிற்கும். கம்பு வேண்டுமென்றால் அரைக்கும் முன் கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்து உலர்த்த வேண்டும். கடையில் மாதக்கணக்கில் இருக்கப்போகும் பொட்டலத்துக்கு அந்தக் கவலை எதற்கு?

சோளம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை முளைகட்டாதீர்கள். சோள முளையில் சயனைடு வெளியிடும் துரின் என்ற பொருள் உண்டாகும்.

சித்தவழி_நடப்பவன் | புதன், காலை 9.20

பீன்யா தம்பி சொன்னது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ராகிக்கூழை இரவெல்லாம் புளிக்க வைத்துக் காலையில் மோர் விட்டுக் குடித்ததும் இதே காரணத்துக்குத்தான் இருக்க வேண்டும்.

பீன்யா_உலர்த்தி | புதன், காலை 9.48

ஆமாம் ஐயா. புளிக்கும்போதும் ஃபைட்டேட் குறைகிறது. பொட்டலத்தில் அடைக்க முடியாத ஒரே குறைதான்.

ரஸ்ஸல்மார்க்கெட்_மீன்கடை | புதன், மதியம் 2.30

விலங்குப் பொருள் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சிவாஜிநகரில் மீன் கடை. நான் மீன்வளம் படித்துவிட்டுக் கடையையும் பார்க்கிறேன். நாங்கள் தினமும் கூடை கூடையாகக் கழிக்கும் செதிளும் தோலும் இறால் ஓடும்தான் வேறோர் இடத்தில் பெரிய விலைக்குப் போகின்றன. செதிளிலும் தோலிலும் இருந்து கொலாஜன் பெப்டைடு. இறால் ஓட்டின் கைட்டினிலிருந்து கைட்டோசானும் குளுக்கோசமைனும். கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இவற்றுக்கான முறைகளை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. அதே கொச்சியின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பச்சைக் கல்லும்மக்காய் என்ற கடல் சிப்பியிலிருந்து சாறெடுத்து, கடல்மின் என்ற பெயரில் மூட்டு அழற்சிக்கான நியூட்ராசூட்டிக்கலாக வெளியிட்டது. கழிவென்று நினைப்பதில் இவ்வளவு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

ஆனால் இதைச் சத்துமாவில் கலக்க வேண்டாம் அக்கா. கொலாஜன் வயிற்றில் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செரித்துவிடும்; குடித்தது அப்படியே மூட்டில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. புரதமாகப் பார்த்தாலும் டிரிப்டோஃபான் இல்லாத குறைப் புரதம். உங்கள் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் ராகியோடு சேர்ந்து தருவது அதைவிட நல்ல புரதம். 'தாவரக் கொலாஜன்' என்று யாராவது விற்க வந்தால் கேட்காதீர்கள். கொலாஜன் விலங்குடலில் மட்டுமே உண்டு.

மீன் எண்ணெய் இன்னும் கடினம். மத்தி எண்ணெயில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. காற்றுப் பட்டதும் கெடும் கொழுப்பு அது. மாவில் தெளித்தால் மூன்றாம் வாரமே பொட்டலத்தைத் திறக்க முடியாது.

ஜிகணி_வடிசாறு | புதன், மாலை 6.15

மீன்கடைத் தம்பி சொன்னதற்குத் தொழில்நுட்பத்தில் தீர்வு உண்டு. எண்ணெயைக் கருவேலம்பிசின் வகையான கம் அராபிக்கோடும் மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்டிரினோடும் கலக்கித் தெளித்து உலர்த்தினால், ஒவ்வொரு எண்ணெய்த்துளியைச் சுற்றியும் ஓர் உறை உருவாகும். பெரிய நிறுவனங்களின் குழந்தை உணவுகளில் டி.எச்.ஏ. இப்படித்தான் தாங்குகிறது. நுண்பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ.வும் கிடைக்கிறது, சைவம். ஆனால் விலையும் சோதனைச் செலவும் ஹலசூர் சகோதரியின் அளவுக்குத் தாங்காது.

சைவ, அசைவக் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. மீன் கொலாஜனோ ஜெலட்டினோ சிட்டிகை சேர்த்தாலும் பச்சைப் புள்ளி போய்விடும். கடையில் விற்கும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. உங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் அதற்காகவே வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

ராமநகரம்_பட்டு | புதன், இரவு 8.40

இங்கே பட்டு நூற்கும் இடங்களில் மிஞ்சும் கூட்டுப்புழுவிலும் நல்ல புரதமும், ஆளிவிதையில் உள்ள அதே ஒமேகா கொழுப்பும் இருக்கின்றன. வடகிழக்கில் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். மாவில் கலக்கச் சொல்லவில்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

ஹலசூர்_அடுப்படி | புதன், இரவு 9.30

இங்கே பக்கத்தில் ஒரு அம்மா சீம்பால் விற்கிறார், கன்னடத்தில் கிண்ணு என்பார்கள். நோய் எதிர்ப்புக்கு அதன் பொடியைக் கலக்கலாமே என்று நாத்தனார் கேட்கிறார்.

மல்லேஸ்வரம்_உணவியல் | வியாழன், காலை 7.50

சீம்பாலில் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்திருப்பது உண்மை. கன்றுக்குட்டிக்கு முதல் நாளில் அதுதான் உயிர். முதல் பங்கு அதற்கே போக வேண்டும். ஆவியில் வேகவைத்துக் கிண்ணாக்கும்போது அந்தப் புரதங்கள் சுருண்டு வேலையிழந்துவிடுகின்றன. ருசியான புரத உணவாக உண்ணுங்கள். நீங்கள் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் மாவில் பொடியாகக் கலந்தாலும் கதை அதுதான். தயிர் நுண்ணுயிரிகளுக்கும் இதையே சொல்வேன். புரோபயாட்டிக் என்று உறையில் போட, ஒரு நாளைக்கான அளவில் குறைந்தது பத்துக் கோடி நுண்ணுயிரிகள் உயிரோடு இருக்க வேண்டும் என்கிறது விதி. கொதிக்கும் கஞ்சியில் எத்தனை பிழைக்கும்?

இனி, செய்யக்கூடிய கணக்கு. பெரியவர்களுக்குக் கால்சியம் நாளைக்கு 1,000 மில்லிகிராம் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். 70 பங்கு முளைகட்டிய ராகி என்றால் 100 கிராம் மாவில் 250 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. தோல் நீக்காத எள் 10 பங்கு சேர்த்தால் இன்னும் 100க்கு மேல். மீதி 20 பங்கு பாசிப்பயறும் பொட்டுக்கடலையும். மொத்தம் 350ஐத் தொடும். ஒரு வேளைக்கு 30 கிராம் மாவை 150 மில்லி பாலில் காய்ச்சினால், பாலின் கால்சியமும் சேர்ந்து ஒரு நாளின் தேவையில் கால் பங்குக்கு மேல் கிடைத்துவிடும். எள்ளின் தோலில் ஆக்சலேட்டும் உண்டு, ராகியின் கால்சியம் பாலின் கால்சியம் அளவுக்கு எளிதில் சேராது. இரண்டையும் அறிந்தே சொல்கிறேன். அப்படியும் இது பொருளுள்ள அளவு. அந்த அரை மில்லிகிராம் இரும்பு போன்றதில்லை.

உணவுச்சட்டம்_படிப்பவர் | வியாழன், காலை 10.10

மேடம் போட்ட கணக்கு 2018இன் விளம்பர, உரிமைகோரல் விதிகளோடு அழகாகப் பொருந்துகிறது. திட உணவில் 100 கிராமுக்குப் பரிந்துரை அளவில் 15 சதவீதம் இருந்தால் அந்தச் சத்தின் 'மூலம்' என்று எழுதலாம். 30 சதவீதம் இருந்தால் 'நிறைந்தது' என்றே எழுதலாம். கால்சியத்துக்கு 300 மில்லிகிராம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து 300ஐத் தாண்டிவிட்டால் 'கால்சியம் நிறைந்தது' என்று தலைநிமிர்ந்து அச்சடியுங்கள். யாரும் கேள்வி கேட்க முடியாது.

உறையில் கைக்குழந்தையின் படம் போட்டுவிடாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவர்களுக்கான உணவுக்கு விதிகளும் வேறு.

கோரமங்களா_சிறுதொழில் | வியாழன், மதியம் 1.15

எல்லாம் சரி. ஆனால் பக்கத்து அலமாரியில் 'எதிர்ப்பு சக்தி', 'நச்சு நீக்கி', 'ஹார்மோன் சமநிலை' என்று போட்டவர்கள்தானே விற்றுத் தள்ளுகிறார்கள்? யாரும் பிடிப்பதாகத் தெரியவில்லை. 'கால்சியம் நிறைந்தது' என்று அடக்கமாக எழுதியவர் பட்டினி கிடக்க வேண்டியதுதானா? நானும் இதே துறையில்தான் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன்.

மல்லேஸ்வரம்_உணவியல் | வியாழன், மாலை 5.40

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த அலமாரியின் மறுபக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான் பொடியைச் 'சர்க்கரையைப் போக்கும்' என்ற வாசகத்தை நம்பி வாங்கி, மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டு, சர்க்கரை தாழ்ந்து மயங்கி வருகிறவர்களைப் பார்க்கிறேன். அதே வாசகத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்களையும் பார்க்கிறேன். இருவருமே 'இயற்கைதானே மேடம்' என்றுதான் சொல்கிறார்கள். வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது என்பது மெய். அந்த மெய்யை மருந்துக்கு மாற்றாக உயர்த்திச் சொன்னவரின் பெயர் பொட்டலத்தின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கிறது.

ஜப்பான் 1991இல் இத்தகைய உணவுகளுக்கு அரசு அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு பொருளுக்கும் மனிதரிடம் சோதித்த தரவைக் கேட்டது. அதனால் அங்கே அந்தத் துறை செத்துவிடவில்லை. அந்த முத்திரையைப் பார்த்துத்தான் மக்கள் வாங்கினார்கள்.

ஜிகணி_வடிசாறு | வியாழன், இரவு 8.00

கோரமங்களா நண்பருக்கு இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் வாங்க வரும்போது முதலில் கேட்பது எங்கள் விளம்பரத்தையல்ல, தொகுதிவாரியான சோதனைச் சான்றை. ஈயம், பூச்சிமருந்து எச்சம், பூஞ்சை நச்சு, குறிப்பொருளின், அதாவது மஞ்சளில் குர்குமின் போன்ற முக்கியச் சத்தின், சதவீதம். வங்கதேச மஞ்சளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியபின் இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகிவிட்டன. கையில் சான்று இருக்கும் சிறு தயாரிப்பாளர் ஏற்றுமதிக்காரருக்கு மாவு கொடுக்கலாம், பள்ளிக்குக் கொடுக்கலாம், மருத்துவமனை உணவகத்துக்குக் கொடுக்கலாம். கடை அலமாரி ஒன்றே சந்தை என்று எண்ண வேண்டாம்.

ஹலசூர்_அடுப்படி | வெள்ளி, இரவு 9.05

நாத்தனாரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். கம்பையும் பாதாமையும் எடுத்துவிடுகிறோம். முளைகட்டிய ராகி, எள், பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய் வாசனைக்குச் சிறிது. வேறொன்றும் இல்லை. கடைக்காரரிடம் பேசினேன். 'போக்கும்', 'பெருக்கும்' என்று எழுத மாட்டோம் என்றதும் முகம் சுருங்கியது. கால்சியம் சோதனை அறிக்கையைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். அது போதும் எங்களுக்கு.

ஒரே சந்தேகம். எள் சேர்த்தால் அதுவும் கம்பு போலச் சிக்கு வாடை அடிக்காதா?

பீன்யா_உலர்த்தி | வெள்ளி, இரவு 10.20

நல்ல கேள்வி அக்கா. எள்ளில் பாதி எண்ணெய்தான். ஆனால் எள்ளெண்ணெய் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வறுக்கும்போது சீசமால் என்ற பொருள் கூடி, கெடுவதைத் தள்ளிப் போடுகிறது. வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், கருக விட்டால் கால்சியம் போகாது, ருசி போய்விடும். நன்றாக ஆறிய பிறகு ராகியோடு சேர்த்தே அரையுங்கள். தனியாக அரைத்தால் எண்ணெய் விட்டு இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். ஆறாமல் பொட்டலமிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும்.

ஒளி புகும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். அலுமினியப் படலம் உள்ள உறையில் அரைக் கிலோவுக்கு மேல் அடைக்காதீர்கள். திறந்தபின் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு அது. உறையில் 'எள் உள்ளது' என்று தெளிவாகப் போடுங்கள், எள் ஒவ்வாத பிள்ளைகள் உண்டு. ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே, நீர்ச்செயல்பாடு (பூஞ்சை பயன்படுத்தக்கூடிய ஈரத்தின் அளவு) 0.6க்குக் கீழே இருக்கிறதா என்று கால்சியத்தோடு சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பூஞ்சை நச்சுச் சோதனையையும் கேளுங்கள், மழைக்காலத் தொகுதிக்குக் கட்டாயம்.

கெடுநாள் குறிப்பதற்கு முன், சில பொட்டலங்களை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரின் குளிர்ச்சியில் ஆறு மாதம் தாங்குவது சென்னைக்குப் போனால் தாங்காது. அந்த அறை எங்கள் பட்டறைக்குப் பக்கத்து ஆய்வகத்தில் இருக்கிறது. முதல் தொகுதி அரைத்ததும் பத்துப் பொட்டலம் கொண்டுவாருங்கள், உள்ளே வைத்துவிடலாம்.